இலவச டிஷ் இன்னும் கட்டுபடியாகுமா?

எந்தச் சரக்கை எடுப்பதானாலும் வணிகர் முதலில் கேட்கும் கேள்வி, "கட்டுபடியாகுமா?" என்பதுதான். டெலிவிஷன் விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேபிள்காரர் வந்து நின்றால் கல்லாவில் இருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ரீசார்ஜ் முடிந்தது என்று திரையில் எழுத்து ஓடினால், கடைப் பையனிடம் சொல்லிப் பணம் கட்டிவிடுகிறோம். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, குடோன் மாடியில் பணியாளர் தங்கும் அறையில் ஒன்று என மூன்று இணைப்பு வைத்திருப்போர் நம் உறுப்பினர்களில் உண்டு. மூன்றுக்கும் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு போகிறது என்று சிட்டையில் எழுதிப் பார்த்தவர்கள் குறைவு.

மாதச் சந்தாவே இல்லாத டிஷ் ஒன்று இருக்கிறது. தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ் தான் அது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரங்களில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வருகிறது. "அதெல்லாம் கிராமத்துக்குச் சரி, பட்டணத்துக்கு ஆகாது" என்பது ஒன்று. "அதை மாட்டிவிட்டுக் கேபிளை வெட்டிவிட்டால் தீர்ந்தது" என்பது மற்றொன்று. இரண்டுமே பாதிக் கணக்குதான். நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்த் தொடர் பார்க்கும் வீட்டுக்கு இது ஒரே இணைப்பாகக் கட்டுபடியாகாது. அதே வணிகரின் இரண்டாவது, மூன்றாவது இணைப்பாக நன்றாகவே கட்டுபடியாகும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சென்னை கண்ட மாற்றங்கள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அன்று மொட்டை மாடியில் ஒரு ஆண்டெனாவை நிறுத்திவிட்டால் போதும், மாதச் செலவு கிடையாது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போரை வெளிநாட்டுச் சேனல் நேரடியாகக் காட்டியபோதுதான் பெரிய டிஷ் என்ற ஒன்றைப் பலரும் கேள்விப்பட்டார்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. வந்தது. தெருவுக்குத் தெரு கேபிள் ஓடியது. அன்று முதல் டெலிவிஷன் என்பது மாதாமாதம் பணம் கட்டும் பொருளாகிவிட்டது.

2003 செப்டம்பர் 1 அன்று, வேண்டிய கட்டணச் சேனலை மட்டும் பெட்டி வைத்துப் பார்க்கும் முறை சென்னையில் அமலுக்கு வந்தது. மற்ற பெருநகரங்களில் தள்ளிப்போன அந்தத் திட்டம் நம் ஊரில் மட்டும் உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. இலவசச் சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் மாதம் 72 ரூபாயும் வரியும். பெட்டிக்குச் சில ஆயிரம் கொடுக்க மனமில்லாமல், பெரும்பாலான வீட்டார் இலவசச் சேனல்களோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே "இலவசச் சேனல் மட்டும் போதும்" என்று இருந்து பார்த்த அனுபவம் சென்னைக்குப் புதிதல்ல.

அதற்கு அடுத்த வருஷம், 2004 டிசம்பரில், தூர்தர்ஷன் 33 சேனல்களோடு டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற சேவையைத் தொடங்கியது. அதுதான் பிற்பாடு ஃப்ரீ டிஷ் என்று பெயர் மாறியது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும், சந்தா இல்லை. இன்று நாடு முழுவதும் 4 கோடிக்கும் அதிகமான வீடுகளில் இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மறுபக்கம், 2020 முடிவில் சுமார் 7 கோடியாக இருந்த தனியார் கட்டண டிஷ் சந்தாதாரர் எண்ணிக்கை, 2025 மார்ச்சில் 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு சரக்கு நாலு கோடி வீட்டில் ஓடுகிறது என்றால், "அது ஆகாது" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எந்த ஊரில், யாருக்கு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இலவசம் என்றால் யார் காசு?

இந்தச் சேவை நடக்கும் விதம் நம் மளிகைக் கடைக்காரர்களுக்கு எளிதில் புரியும். பெரிய கம்பெனிகள் தங்கள் சோப்பையும் பிஸ்கட்டையும் கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணில் படும் தட்டில் அடுக்கி வைக்க நமக்கு டிஸ்ப்ளே ஸ்கீமில் பணம் தருகிறார்கள் அல்லவா? ஃப்ரீ டிஷ்ஷும் அப்படித்தான். பிரசார் பாரதி தன் "தட்டுகளை" ஏலம் விடுகிறது. அதில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் கட்டுகின்றன. பார்ப்பவரிடம் இருந்து அந்தச் சேனலுக்கு ஒரு காசும் வராது. போட்ட பணத்தை விளம்பரத்தில்தான் எடுக்க வேண்டும்.

டிஸ்ப்ளே ஸ்கீம் முடிந்தால் கம்பெனி சரக்கை எடுத்துக்கொண்டு போய்விடும். இங்கும் அதே கதைதான். 2019 மார்ச்சில் பெரிய நிறுவனங்கள் தங்கள் இந்திப் பொழுதுபோக்குச் சேனல்களை ஃப்ரீ டிஷ்ஷில் இருந்து எடுத்துக்கொண்டன. 2020இல் திரும்பி வந்தன. 2022இல் மறுபடியும் வெளியேறின. ஆகவே, இன்று தெரியும் தனியார் சேனல் அடுத்த வருஷமும் தெரியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தூர்தர்ஷனின் சொந்தச் சேனல்கள் மட்டும் நிலையாக இருக்கும். மற்றவை ஏலத்துக்கு ஏலம் மாறும் சரக்கு என்று நினைத்தே வாங்க வேண்டும்.

தமிழ் ஏன் இல்லை?

நம் ஊரில் இந்த டிஷ்ஷுக்குப் பெரிய குறை இதுதான். டி.டி. தமிழ் வரும். 2000ஆம் வருஷம் பொங்கலன்று பொதிகை என்று பெயர் பெற்று, 2024 ஜனவரி 19 முதல் டி.டி. தமிழ் என்று அழைக்கப்படும் சேனல் இது. ஆனால் சன் டி.வி., விஜய், ஜீ தமிழ் போன்ற முன்னணிச் சேனல்கள் இதில் இல்லை. தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்தி, போஜ்புரியும் உண்டு.

இதற்குக் காரணம் வியாபாரம்தான். தமிழ்நாட்டில் கேபிளும் கட்டண டிஷ்ஷும் வீட்டுக்கு வீடு ஊன்றிவிட்டன. முன்னணித் தமிழ்ச் சேனல்களுக்குச் சந்தாப் பணம் மாதாமாதம் வருகிறது. போதாக்குறைக்கு, 2024 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஃப்ரீ டிஷ்ஷில் சந்தா இல்லாமல் கிடைக்கும் சேனலை மற்ற எல்லா டிஷ், கேபிள் சேவைகளிலும் இலவசச் சேனலாகவே அறிவிக்க வேண்டும் என்பது அது. ஒரே பொருளை ஒரு கடையில் சும்மா கொடுத்துவிட்டு, அடுத்த கடையில் விலை வைக்கக் கூடாது என்கிறது ஆணையம். நியாயம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். முன்னணித் தமிழ்ச் சேனல் ஒன்று ஃப்ரீ டிஷ்ஷுக்கு வந்தால், மற்ற இடங்களில் வரும் சந்தா முழுவதையும் விட்டுவிட வேண்டும். எந்த வியாபாரி அதற்குச் சம்மதிப்பார்? ஆகவே "இன்று இல்லை, நாளை வந்துவிடும்" என்று நம்பி வீட்டுக் கேபிளை வெட்ட வேண்டாம்.

இதில் கடைக்காரருக்கு மட்டுமே உரிய இன்னொரு கோணமும் உண்டு. தமிழ்ச் சேனலில் நேற்று இரவு வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாடவீதி அம்மாள் இன்று காலை புது மசாலாவின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். அந்த விளம்பரத்தைப் பார்க்காத கடைக்காரர், "அப்படி ஒன்று வரவில்லையே" என்று விழிக்க நேரும். தமிழ் விளம்பரம் பார்ப்பது மளிகை வியாபாரத்தின் ஒரு பகுதி. வீட்டில் ஒரு தமிழ் இணைப்பு இருக்கட்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒரு தடவைச் செலவு டிஷ், பெட்டி, கேபிள், கட்டும் கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய் என்று அரசே சொல்கிறது. மறுபக்கம், 2019இல் டிராய் கொண்டுவந்த முறையில், ஒரு சேனலையும் விலைக்கு எடுக்காமலே இணைப்புக்காகக் கட்ட வேண்டிய உச்சக் கட்டணம் மாதம் 130 ரூபாய். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2024இல் இந்த உச்சவரம்பும் எடுக்கப்பட்டு, கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றாகிவிட்டது. அந்தப் பழைய 153 ரூபாயை வைத்தே பார்த்தாலும், வருஷத்துக்கு 1,840 ரூபாய். பதினான்காவது மாதம் ஃப்ரீ டிஷ் போட்ட முதலைத் திருப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் மிச்சம்.

மூன்று இணைப்பு உள்ள வணிகரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இணைப்புக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்றுக்கும் 900. வருஷத்துக்கு 10,800 ரூபாய். வீட்டு இணைப்பை அப்படியே விட்டு, மற்ற இரண்டையும் ஃப்ரீ டிஷ்ஷாக மாற்றினால், வீட்டுக்கு 3,600, இரண்டு டிஷ்ஷுக்கு 4,000. முதல் வருஷமே 3,200 ரூபாய் மிச்சம். இரண்டாம் வருஷம் முதல் பராமரிப்புக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கினாலும் 6,200 ரூபாய் நிற்கும். சிறு கடைக்கு இது சின்னத் தொகை அல்ல. காம்போசிஷன் முறையில் வரி கட்டும் கடைக்காரருக்குச் சந்தாவில் கட்டும் ஜி.எஸ்.டி. திரும்பியும் வராது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கட்டண டிஷ் மாடியில் துருப்பிடிக்காமல் சும்மா நின்றால், செலவு இன்னும் குறையும். டிஷ்ஷைத் திருப்பிவைத்துப் பெட்டி மட்டும் புதிதாக வாங்கினால் போதும். அந்த டிஷ் நமக்கே சொந்தமா, கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டியதா என்பதை மட்டும் பழைய ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டினால் பலன்?

முதலிடம் பணியாளர் தங்கும் அறைக்கு. தி.நகர் ஜவுளிக் கடையானாலும், மளிகை மொத்த வியாபாரக் குடோனானாலும், இன்று பீகார், ஒடிசா, வங்காளத்தில் இருந்து வந்த பிள்ளைகள் நம்மிடம் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நம் தமிழ்த் தொடர் புரியாது. நம் வீட்டுக்குக் குறையாக இருக்கும் இந்திச் சேனல்கள் அந்த அறைக்கு நிறைவாகிவிடும். இந்திப் படம், போஜ்புரிப் பாட்டு, செய்தி எல்லாம் சந்தா இல்லாமல் வரும். இராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டு வரும் பிள்ளைகள் ஊர்ப் பேச்சு காதில் விழ ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், மறுநாள் வேலையும் முகம் கோணாமல் நடக்கும். நல்ல ஆள் நிலைத்து நிற்பதன் மதிப்பு நமக்குத் தெரியாததல்ல. இரண்டாயிரம் ரூபாயில் இதைவிடப் பலன் தரும் முதலீடு குறைவு.

இரண்டாவது, கிரிக்கெட். இந்திய ஆடவர் அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் பன்னாட்டு ஆட்டங்களை, ஒளிபரப்பு உரிமை எடுத்தவர் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்பது 2007ஆம் வருஷச் சட்டத்தின் பயன். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, பகிர்ந்த அந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம்; தனியார் கேபிளிலும் தனியார் டிஷ்ஷிலும் போகக் கூடாது. கேபிளில் சந்தா கட்டுகிறவர் விளையாட்டுச் சேனலுக்குத் தனியாகக் கொடுத்துப் பார்க்கும் ஆட்டம், ஃப்ரீ டிஷ்காரருக்குச் சும்மா வருகிறது. ஐ.பி.எல். இதில் சேராது. அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

மூன்றாவது, வானொலியும் கல்வியும். அகில இந்திய வானொலியின் நாற்பதுக்கும் மேற்பட்ட அலைவரிசைகள் இதே பெட்டியில் கேட்கும். 2016 ஜனவரி 26 அன்று தொடங்கிய ராகம் என்ற சாஸ்திரீய சங்கீத அலைவரிசையும் அதில் ஒன்று. மயிலாப்பூர் வீட்டுப் பெரியவர்களுக்கு இதுவே போதும் என்று தோன்றலாம். பள்ளிப் பாடங்களுக்கான அரசுச் சேனல்களும் நிறைய உண்டு. எண்ணிக்கையைக் காட்டி "ஐந்நூறு சேனல்" என்று யாராவது விற்க வந்தால், அதில் முந்நூறுக்கு மேல் கல்விச் சேனல்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு அது லாபம். பொழுதுபோக்குக்கு அது கணக்கில் சேராது.

கடையின் முன்பக்கம் வாடிக்கையாளர் பார்க்க வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. இலவசச் சேனல் என்பது சந்தா கட்ட வேண்டாம் என்பதை மட்டுமே குறிக்கும். கடையில், ஓட்டலில் பொதுமக்கள் கேட்கும்படி சினிமாப் பாட்டு போடுவதற்கான பதிப்புரிமை வேறு விஷயம். இசை உரிமை அமைப்புகள் அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பதுண்டு. செய்தியும் கிரிக்கெட் ஸ்கோரும் மட்டும் ஓடவிட்டால் இந்தத் தலைவலி குறைவு. தனியார் டிஷ்ஷின் வீட்டுச் சந்தாவைக் கடையில் வைப்பவர்கள், ஒப்பந்தத்தில் கடைக்கு என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் படித்துக்கொள்ள வேண்டும்.

திசை அக்கினி மூலை

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளில் இருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இது, பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. சென்னையில் இருந்து பார்த்தால் திசை ஏறக்குறைய நேர் தென்கிழக்கு, அதாவது அக்கினி மூலை. உயரம் 68 பாகை அளவில், தலைக்கு மேல் வெகுவாகத் தூக்கியே இருக்கும். வடக்கத்தி ஊர்களில் டிஷ் வானத்தைச் சாய்வாகப் பார்க்கும். நம் ஊரில் அதைவிட மேல்நோக்கித் தூக்கியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கட்டுகிறவர் தவறாகக் கட்டிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இந்த உயரம் நெருக்கடியான தெருக்காரர்களுக்கு ஒரு வசதி. எதிர்க் கட்டடம் எத்தனை அடி தள்ளி இருக்கிறதோ, அதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் நம் டிஷ்ஷைவிட உயர்ந்து நின்றால்தான் மறைக்கும். பத்தடி தள்ளியிருக்கும் கட்டடம் டிஷ்ஷில் இருந்து இருபத்தைந்து அடிவரை உயரலாம். ரங்கநாதன் தெரு போன்ற இடத்தில் தரைத் தளச் சன்னலில் மாட்டினால் வேலை செய்யாது. மொட்டை மாடியில் தென்கிழக்கு திறந்திருந்தால் போதும். வாடகைக் கட்டடமானால், கட்டட உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தளத்தில் துளை போட்ட இடத்தில் மழைநீர் இறங்கினால் பிறகு அட்வான்ஸில் பிடித்துவிடுவார்கள்.

மயிலாப்பூர், சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர் எல்லாம் கடற்காற்று படும் இடங்கள். டிஷ்ஷைவிட அதைத் தாங்கும் கம்பியும், கேபிள் முனையில் உள்ள இணைப்பும்தான் முதலில் துருப்பிடிக்கும். படம் விட்டு விட்டு வருவதற்குப் பாதிக் காரணம் இதுவே. துத்தநாகம் பூசிய கம்பி, வெயில் தாங்கும் கேபிள், முனையில் டேப் சுற்றுவது இந்த மூன்றுக்கும் கூட நூறு ரூபாய் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

பெரிய டிஷ் வைக்கலாமா?

ஆறடி, எட்டடி டிஷ் வைத்து, கேபிள்காரர்கள் பிடிப்பது போல் நாமே நேராகப் பிடித்தால் பூட்டில்லாத தமிழ்ச் செய்திச் சேனல்களும் மற்றவையும் கிடைக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். கிடைக்கும்தான். ஆனால் சேனல்கள் பல செயற்கைக்கோள்களில் சிதறிக் கிடப்பதால், ஒரு டிஷ்ஷில் எல்லாம் வராது. கட்டணச் சேனல் எதுவும் திறக்காது. மாடியில் இடம் பிடிக்கும். புயற்காற்றுக்குப் பாய்மரம் போல் நிற்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியதைச் சென்னை மறந்திருக்காது.

இதோடு 2022க்குப் பிறகு புதுத் தொல்லை ஒன்று சேர்ந்துள்ளது. பெரிய டிஷ் பிடிக்கும் சி-பேண்ட் அலைகளுக்குப் பக்கத்திலேயே 5ஜி அலைபேசிக்கும் அலைக்கற்றை ஒதுக்கியிருக்கிறார்கள். தெருவுக்கு இரண்டு டவர் உள்ள தி.நகரில், அந்த அலை டிஷ்ஷின் முனையில் உள்ள எல்.என்.பி. கருவிக்குள் புகுந்து படத்தைக் கெடுத்துவிடும். வடிகட்டி வைக்க வேண்டும், அதற்கும் செலவு. ஃப்ரீ டிஷ்ஷின் சிறிய டிஷ் வேறு அலைவரிசையில் இயங்குவதால் இந்தத் தொந்தரவு இல்லை. ஆகவே புதிதாகப் பெரிய டிஷ் வைப்பது வணிகருக்குக் கட்டுபடியாகாது என்பதே நம் கருத்து. ஆர்வத்துக்காகச் செய்கிறவர்கள் செய்யலாம்.

மழைக்காலமும் வெள்ளமும்

சிறிய டிஷ்ஷின் பலவீனம் மழை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நிமிஷம் படம் உறைந்து நிற்கும். மழை தணிந்ததும் தானே திரும்பும். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில், பகலில் சில நிமிஷம் படம் போகும். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுக் காசைக் கொடுக்க வேண்டாம். செயற்கைக்கோளே பழுதாவதும் உண்டு. 2010 ஜூலையில் இதே சேவை இருந்த இன்சாட்-4பியில் மின்சக்திக் கோளாறு ஏற்பட்டு, அதன் கருவிகளில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று.

பலமும் உண்டு. டிஷ்ஷுக்குத் தெருக் கேபிள் வேண்டாம். லஸ், ஆழ்வார்பேட்டை, அடையாறு, பனகல் பூங்கா என மெட்ரோவுக்காகத் தோண்டிய வட்டாரத்தில் எங்கோ கேபிளோ இண்டர்நெட் கம்பியோ அறுந்தால் தெருவே இருண்டுவிடும். டிஷ் வைத்தவருக்குப் படம் நிற்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை மூழ்கியபோது, அலைபேசியும் இண்டர்நெட்டும் பல இடங்களில் செயலிழந்து, ஏரியில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதே தெரியாமல் சரக்கைப் பறிகொடுத்தார்கள். கடையில் இன்வெர்ட்டரும் டிஷ்ஷும் இருந்தால், செய்தி வர ஒரு வழி மிச்சம். பல ஃப்ரீ டிஷ் பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை என்பதால் மின்சாரமும் அதிகம் இழுக்காது. ஆனால் மின்சாரம் இரண்டு நாள் போய்விட்டால் டிஷ்ஷும் ஊமைதான். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டிரான்சிஸ்டரை கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பது அப்போதும் கைகொடுக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

பெட்டி எம்பெக்-4 வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டி மலிவாகக் கிடைத்தாலும், அதில் எல்லாச் சேனலும் வராது. ரிச்சி தெருவில் வாங்கினாலும், பக்கத்துக் கடையில் வாங்கினாலும் பில் கேளுங்கள். பெட்டிக்கு எத்தனை மாதம் வாரண்டி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். புது டி.வி. வாங்குவதாக இருந்தால், செயற்கைக்கோள் டியூனர் உள்ளேயே இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், இலவசச் சேனல்களைப் பார்க்கத் தனிப் பெட்டியே வேண்டாம். அதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கெனவே வெளியாகிவிட்டது.

மாதம் இவ்வளவு கட்டினால் ஃப்ரீ டிஷ்ஷில் எல்லாத் தமிழ்ச் சேனலும் திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஃப்ரீ டிஷ்ஷுக்குச் சந்தாவும் இல்லை, வசூலுக்கு ஆளும் இல்லை. பூட்டை உடைத்துக் காட்டும் பெட்டி சட்ட விரோதம். பிடிபட்டால் கடையின் பெயர்தான் கெடும். அறையில் டிஷ் கட்டி முடித்ததும், வேண்டிய நாலு சேனலை ஓடவிட்டுப் பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.

நிறைவாக

வீட்டுக்குத் தமிழ் இணைப்பு ஒன்று போதும். அதிலும், பார்க்காத சேனல்களைக் கழித்துவிட்டுப் பாக்கேஜைச் சுருக்கச் சொல்லிக் கேபிள்காரரிடம் கேளுங்கள். பணியாளர் அறைக்கும் குடோனுக்கும் ஃப்ரீ டிஷ் மாட்டுங்கள். கடைக்கு டி.வி. தேவைதானா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு, தேவையென்றால் அங்கும் இதையே வையுங்கள். இந்த மூன்றையும் இந்த மாதச் சிட்டை எழுதும்போதே செய்துவிடலாம்.

சங்கங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் உண்டு. நாலு கோடி வீட்டுக்குச் செல்லும் பொதுச் சேவையில் தமிழுக்கு இவ்வளவு சிறிய இடம் என்பது சரியல்ல. முன்னணிச் சேனல்கள் வராது என்றால், வர விரும்பும் சிறிய தமிழ்ச் சேனல்களுக்குக் கட்டுபடியாகும் விலையில் இடம் கிடைக்க வேண்டும். அங்கே உள்ளூர் வணிகரும் குறைந்த செலவில் விளம்பரம் செய்ய வழி பிறக்கும். இதைப் பிரசார் பாரதிக்கும், நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் லெட்டர் பேடில் எழுதுவதற்கு ஆகும் செலவு ஒரு தபால் தலைதான். உறுப்பினர்கள் தங்கள் வட்டாரக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.